செட்டிநாட்டு வானத்தை நீலமாகவே படம் எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் கேமராவும் கையுமாகத் திரிகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது, பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அண்ணே, கண்ணுக்கு அவ்வளவு நீலமாத் தெரியுற வானம் போட்டோல மட்டும் ஏன் வெள்ளையா வருது?

வெளிச்ச அளவு தப்பாக இருப்பதுதான் பத்தில் எட்டுப் படத்துக்குக் காரணம். நிழல் விழுந்த திண்ணையையும் அதற்கு மேலே இருக்கிற வானத்தையும் உங்கள் கண் ஒரே பார்வையில் சமாளித்துவிடும், கேமராவால் அது முடியாது. படத்தின் முக்கால்வாசி இடத்தில் இருட்டான வீடோ மரமோ இருந்தால் அதைத் தெளிவாகக் காட்டுவதற்காக மொத்த வெளிச்சத்தையும் ஏற்றிவிடும், அந்த ஏற்றத்தில் வானம் வெளுத்துப்போகும்.

போனில் எடுத்தால் திரையில் வானத்தின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள், பக்கத்தில் வருகிற சூரியப் படத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாக வைக்கிற வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அமைப்பு) -0.7 அல்லது -1 வையுங்கள். நிழல் கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை, அதைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். எரிந்துபோன வானத்தில் தகவலே இருக்காது, அதை எந்த ஆப்பும் மீட்டுத் தராது.

எந்த மாசம் வந்தா நல்ல நீலம் கிடைக்கும்?

ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே இரண்டு நாள் மழை பெய்து மூன்றாம் நாள் வெறிக்கும் பாருங்கள், அந்த நாளின் காலை. அதற்கு மேல் ஒரு வானம் இந்த ஊரில் கிடையாது.

காரணம் எளிது. காற்றிலுள்ள மூலக்கூறுகள் மிகச் சிறியவை, அவை நீல ஒளியைச் சிவப்பைவிட ஏறத்தாழ 4 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன, வானத்தின் நீலம் அதுதான். தூசி, புகை, ஈரத்தில் ஊதிப்போன துகள்கள் எல்லாம் பெரியவை, அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிப்பதால் நீலத்தின் மேல் பால் ஊற்றினது போல ஆகிவிடுகிறது. மழை அந்தத் தூசியைக் கழுவி இறக்கிவிடுகிறது. கூடவே செம்மண் நனைந்து அடர் சிவப்பாகிவிடும், மரங்களின் இலையிலும் தூசி இருக்காது, ஆகவே வானத்தோடு சேர்ந்து தரையும் நிறம் ஏறி நிற்கும்.

சித்திரை, வைகாசியில் பகல் வானம் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும், ஆனால் கோடை மழை ஒன்று அடித்துவிட்டால் மறுநாள் காலை ஏமாற்றாது. ஆடிக் காற்றில் புழுதி. மார்கழி, தையில் விடியற்காலைப் பனி மூட்டம் விலக எட்டு மணிக்கு மேல் ஆகும், அதுவரை டீ குடிக்கலாம்.

காலையில எத்தனை மணிக்கு எடுக்கணும்? சாயங்காலம்னா எத்தனை மணி?

எல்லோரும் மணியைத்தான் கேட்கிறார்கள், எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே நிமிடத்தில் அதே இடத்தில் நின்று சுற்றிப் பாருங்கள், வானம் எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் இருக்காது. சூரியன் இருக்கிற பக்கம் வெளுப்பு. அதற்கு விலகிப் போகப் போக நீலம். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கிற பட்டையில்தான் அடர்த்தி அதிகம்.

அதைக் கண்டுபிடிக்கக் கையே போதும். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள், கட்டை விரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள், இப்போது நீட்டிய விரலை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள். கட்டை விரல் எங்கெல்லாம் காட்டுகிறதோ அதுதான் அந்தப் பட்டை. காலையிலும் மாலையிலும் அது வடக்கே தொடங்கி தலைக்கு மேலே ஏறித் தெற்கே இறங்கும்.

சரி, மணியும் சொல்லிவிடுகிறேன்: காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை, மாலை நான்கிலிருந்து ஐந்தரை.

கோயில் கோபுரத்தை எடுக்கணும். நேரா முன்னாடி நின்னு எடுத்தா வானம் சுமாராத்தான் வருது.

இந்தப் பக்கத்து நகரத்தார் கோயில்களில் கிழக்குப் பார்த்த கோபுரத்துக்குக் காலை வெயில் முகத்தில் விழும், அது சரிதான். ஆனால் நேர் எதிரே நின்றால் நீங்கள் பார்ப்பது மேற்கு வானம், சூரியனுக்கு 180 டிகிரி எதிர்ப்பக்கம். மேலே சொன்ன அடர்ந்த பட்டை உங்களுக்கு இடமும் வலமுமாகக் கிடக்கிறது, படத்துக்குள் வரவே இல்லை.

ஒரு மூலைக்கு நகருங்கள். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும், அப்போது ஈசானிய (வடகிழக்கு) மூலையில் நின்று தெற்கே சாய்ந்து பாருங்கள். ஆனி, ஆடியில் வடகிழக்கில் உதிக்கும், அக்னி (தென்கிழக்கு) மூலையில் நின்று வடக்கே பாருங்கள். கோபுரத்தின் முன்முகத்தில் வெயில் இருக்கும், பக்கவாட்டில் நிழல் விழுந்து சுதைச் சிற்பங்களுக்குப் புடைப்பு வரும், பின்னால் வானமும் கறுநீலமாக இருக்கும். நேரெதிரே நின்றால் சிற்பமெல்லாம் தட்டையாகத் தெரிவதும் இதனால்தான்.

இளையாத்தங்குடி, வைரவன்பட்டி, மாத்தூர் மாதிரிக் கோயில்களில் வெளியே நின்று எடுக்கலாம். உள்ளே எடுப்பதென்றால் முதலில் கேட்டுவிடுங்கள்.

வடக்குப் பார்த்த வீடு அண்ணே. முகப்பு எப்பவும் நிழல்லயே இருக்கு, என்ன பண்ண?

காத்திருங்கள். செட்டிநாடு இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில், அதனால் ஏப்ரல் 16 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு வரும். இந்த இரண்டு தேதிக்கும் இடையில் நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதக் காலையிலோ மாலையிலோ போனால் வடக்குப் பார்த்த முகப்பில் சாய்வாக வெயில் அடிக்கும். டிசம்பரில் போனால் ஒன்றும் நடக்காது, அது தெற்குப் பார்த்த வீடுகளின் காலம்.

தலைக்கு மேல நல்ல நீலம், ஆனா அடிவானம் மட்டும் எப்பவும் வெளுத்தே இருக்கே?

அங்கே நீங்கள் பார்ப்பது பல மடங்கு தடித்த காற்றை. தலைக்கு நேர் மேலே இருக்கிற காற்றோடு ஒப்பிட்டால் அடிவானத்துக்குப் பார்வை சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து போக வேண்டும், அத்தனை தூசியும் ஈரமும் சேர்ந்து வெளுப்பாகிறது. திருமயம் கோட்டை மேல் ஏறி நின்று தூரத்துக் கண்மாய்களை எடுக்கிறவர்கள் படமெல்லாம் சாம்பல் என்று புலம்புவதற்கும் இதுவே காரணம். உயரத்தில் நின்று கிடைமட்டமாகப் பார்த்தால் படம் முழுக்க அந்த வெளுப்புத்தான்.

வழி என்னவென்றால், கீழே உட்காருங்கள். அய்யனார் கோயில் புரவி ஒன்றை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நின்ற வாக்கில் எடுத்தால் குதிரையின் தலைக்குப் பின்னால் சீமைக்கருவேலமும் வெளுத்த அடிவானமும் வரும். செம்மண்ணில் முழங்கால் போட்டுக் கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து அண்ணாந்து எடுத்தால், கருவேலம் குதிரையின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடும், சுட்ட மண் நிறத்துக் கழுத்தும் விறைத்த காதுகளும் மேல்வானத்து நீலத்தில் வெட்டி ஒட்டினாற்போல நிற்கும். அந்தச் செம்பழுப்பும் நீலமும் ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள், எடிட் செய்யாமலே ஒன்றை ஒன்று தூக்கிவிடும். வெளுத்த அடிவானம் கட்டாயம் படத்தில் வந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கீற்றாக மட்டும் விடுங்கள்.

போலரைசர் ஃபில்டர் வாங்கியே ஆகணுமா?

லென்ஸுக்கு முன்னால் மாட்டிச் சுழற்றுகிற கண்ணாடி இது. ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். எடிட்டில் செய்ய முடியாத வேலை இது. வானத்திலிருந்து வருகிற ஒளியில் ஒரு பகுதி ஒரே தளத்தில் அதிர்கிறது, 90 டிகிரிப் பட்டையில் அது அதிகம், ஃபில்டரைச் சுழற்றும்போது அந்த ஒளி மட்டும் அடைபட்டு நீலம் இறங்குகிறது. இலை, ஓடு, நனைந்த கல் இவற்றின் மேல் மினுங்குகிற பளபளப்பையும் எடுத்துவிடுவதால் அவற்றின் சொந்த நிறம் வெளியே வரும். பச்சை நிஜமாகவே பச்சையாவதைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்கு மறுநாள் ஒரு வாழைத் தோட்டத்துக்கு முன்னால் நின்று சுழற்றிப் பாருங்கள்.

இழப்பு, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). பகலில் அது பொருட்டே இல்லை. வட்டப் போலரைசர் என்று கேட்டு வாங்குங்கள், பழைய நேர்கோட்டு வகை எஸ்எல்ஆர் கேமராக்களின் ஃபோகஸையும் வெளிச்சம் அளக்கிற மீட்டரையும் குழப்பும். யூவி ஃபில்டருக்கு மேலேயே இதையும் மாட்டாதீர்கள், மூலைகள் கறுத்துவிடும். கேமராவைக் குத்தாகத் திருப்பினால் ஃபில்டரையும் மறுபடி சுழற்ற வேண்டும், இதை மறப்பவர்கள்தான் “வேலையே செய்யலை” என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள்.

போலரைசர் போட்டா வானத்து நடுவுல மட்டும் கறுப்பா ஒரு திட்டு விழுது. ஃபில்டர் டூப்ளிகேட்டா?

இல்லை, நல்ல ஃபில்டர்தான். அந்தக் கட்டை விரல் பட்டை நினைவிருக்கிறதா, அதைத்தான் உங்கள் லென்ஸ் முழுசாகப் பிடித்திருக்கிறது. முழு ஃபிரேம் கேமராக் கணக்கில் லென்ஸின் குவியத் தூரம் 24 மி.மீ.க்குக் கீழே போனால் லென்ஸ் வானத்தில் அவ்வளவு அகலத்தைப் பார்ப்பதால் அடர்ந்த இடமும் வெளுத்த இடமும் ஒரே படத்தில் வந்துவிடும். போனின் அல்ட்ரா வைடுக்கும் இதே கதை.

ஃபில்டரைப் பாதி மட்டும் சுழற்றுங்கள், அல்லது 35 மி.மீ. பக்கம் போய் இரண்டு மூன்று படங்களாக எடுக்க நினைக்காமல் ஒரே படமாகச் சட்டத்தைச் சுருக்குங்கள். போலரைசரோடு பனோரமா ஒட்டினால் வானம் வரிக்குதிரையாகும்.

ஊரணில கோபுரம் தலைகீழாத் தெரியுறத எடுக்கணும்னு போனேன், போலரைசரைச் சுத்தினதும் பிம்பமே காணோம்!

தண்ணீரின் பிரதிபலிப்பும் ஒரே தளத்தில் அதிர்கிற ஒளிதான், தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரிக் கோணத்தில் பார்க்கும்போது ஃபில்டர் அதை ஏறக்குறைய முழுசாகத் துடைத்துவிடும். பிம்பம் வேண்டுமென்றால் எதிர்த் திசைக்குச் சுழற்றுங்கள் அல்லது கழற்றிப் பையில் போடுங்கள். படித்துறையின் கடைசிப் படிக்கு இறங்கிக் கேமராவைத் தண்ணீருக்குக் கிட்டே வைத்தால் பிம்பம் இன்னும் பலமாகும். மழைக் காலத்தில் செம்மண் கரைந்த ஊரணித் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், அதன் மேல் நீல வானம் விழுவது தனி அழகு, அங்கே போலரைசர் போட்டால் வெறும் டீ மட்டும் மிஞ்சும்.

நான் போன்லதான் எடுக்கிறேன். எனக்கு இதெல்லாம் ஒத்து வராதா?

தாராளமாக ஒத்து வரும். எங்கே நிற்பது, எப்போது நிற்பது, வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைப்பது, இந்த மூன்றும் போனுக்கும் அப்படியே பொருந்தும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதன் ஒரு கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், நிறம் கொஞ்சம் மாறினாலும் வேலை நடக்கும். கண்ணாடி சாம்பல் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது.

போனில் எனக்குப் பிடிக்காத ஒன்று, தானாகவே நிழலையெல்லாம் தூக்கி எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாக்கிவிடும் எச்டிஆர். தூணின் நிழல் இருட்டாக இருந்தால்தான் வெயில் வெயிலாகத் தெரியும். அணைக்க முடிந்தால் அணையுங்கள், முடியாவிட்டால் கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலில் எடுங்கள்.

வெள்ளைச் சுவர் வீட்டை எடுத்தா வானம் சூப்பரா வருது, ஆனா சுவர் சாம்பலாயிடுது. முதல் கேள்விக்கு நேர் தலைகீழா இருக்கே?

நல்ல கேள்வி. மீட்டருக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருட்டு அதிகமிருந்தால் ஏற்றும், வெயிலில் பளீரென்று நிற்கிற சுண்ணாம்புச் சுவர் சட்டம் முழுக்க இருந்தால் இறக்கும். இங்கே -1 வைத்தால் தப்பு, +0.7 பக்கம் போக வேண்டியிருக்கும்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் மேனுவலில் வையுங்கள். தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/16, 1/100 நொடி என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வருகிற கணக்கு. எஃப்/8 என்றால் 1/400. அதே எஃப்/8இல் போலரைசர் மாட்டியிருந்தால் 1/125 வாக்கில் வையுங்கள். வெயில் மாறாதவரை கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த அளவு மாறாது, சுவர் வெள்ளையாகவும் வானம் நீலமாகவும் இருக்கும். எடுத்ததும் ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டுகிற வரைபடம், வலது ஓரம் பிரகாசம்) மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே நீலம் மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கலாம், அப்படி முட்டினால் வானம் பச்சை கலந்த ஒரு மாதிரி நீலமாகிவிடும்.

வளவுக்குள்ள நின்னு மேல வானத்தைச் சேர்த்து எடுக்க முடியுமா?

முடியும். காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது தலைக்கு நேர் மேலே இருக்கிற வானம் 90 டிகிரிக்கு அருகே வருகிறது, ஆகவே முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்தால் நான்கு பக்கமும் நாட்டு ஓடு இறங்கி நடுவில் ஒரு கறுநீலச் சதுரம் கிடைக்கும். ஏழரை மணிக்கு ஓட்டின் மேல்வரியில் மட்டும் வெயில் பட்டிருக்கும், அதற்கு அளவு வையுங்கள், தாழ்வாரம் இருண்டு போகட்டும்.

தூண், ஆத்தங்குடிக் கல் தரை, வானம் எல்லாம் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஸ்டாண்டு போட்டு இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். வெளிச்ச வித்தியாசம் அவ்வளவு. வீடுகள் தனியாருடையவை, ஆச்சியிடம் கேட்காமல் ஸ்டாண்டை விரிக்காதீர்கள். அடி ரப்பர் இல்லாத ஸ்டாண்டைக் கல்லில் வைக்கவும் கூடாது.

வானத்தை மட்டும் இருட்டாக்குற கிராஜுவேட்டட் ஃபில்டர் வாங்கலாமா?

மேல்பாதி மட்டும் கறுத்த கண்ணாடி அது, கடற்கரைக்கு நல்லது. இங்கே கோபுரமும் பனை மரமும் அந்தக் கறுப்பு தொடங்குகிற கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் அவற்றின் பாதி உடம்பும் சேர்ந்து இருண்டுவிடும். காசை மிச்சம் பிடியுங்கள்.

ஒயிட் பேலன்ஸைக் குறைச்சா நீலம் ஏறுதே, அது போதாதா?

வானத்தோடு சேர்ந்து சுவர், செம்மண், ஆச்சியின் வெள்ளைப் புடவை எல்லாமே நீலமேறும். செம்மண் செத்துப்போனால் எதிர் நிறம் என்று சொன்னேனே, அந்த விளையாட்டே போய்விட்டது. பகல் வெளிச்ச அமைப்பிலேயே, 5200 கெல்வின் வாக்கில் விடுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் வானம் நிறம் மாறும்.

எடிட்ல சாச்சுரேஷனை ஏத்தினா வானம் பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆயிடுதே?

நிறத்தை ஏற்றாதீர்கள், வெளிச்சத்தை இறக்குங்கள். எடிட் ஆப்பில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றுகிற எச்எஸ்எல் பகுதியில் நீலத்தின் லூமினன்ஸை (வெளிச்சத்தை) -15, -20 வரை இறக்கிப் பாருங்கள். அடிவானத்துப் பக்கம் வானம் வெளிர் நீலப்பச்சையாக இருப்பதால் அக்வாவையும் கொஞ்சம் கூடவே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு கோடு தெரியும். அதற்கு மேல் இழுத்தால் வானத்தில் மணல் தூவினாற்போல நாய்ஸ் வரும், கோபுர விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். பெரிதாக்கி விளிம்பைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

வானம் படிப்படியாகத் தெரிகிறதென்றால் ஜேபெக்கில் எடுத்திருப்பீர்கள். அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ரா ஃபைலில் 16,384. மெல்ல மாறுகிற நீலத்தில்தான் இந்த வித்தியாசம் முதலில் வெளிப்படும்.

சிவப்பு ஃபில்டர் போட்டா கறுப்பு வெள்ளைப் படத்துல வானம் கறுத்துடும்னு சொல்றாங்களே?

உண்மைதான். அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் ஹாஃப் டோம் பாறையை எடுத்த படத்தில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பாக இருப்பது அடர் சிவப்பு ஃபில்டரால்தான். சிவப்புக் கண்ணாடி நீலத்தை உள்ளே விடாது. ஆனால் அங்கே இருந்தது சாம்பல் பாறை. இங்கே செம்மண்ணும் ஓடும் புரவியும் சிவப்புக் குடும்பம், அவை எல்லாம் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும், ஓட்டு வரிகளின் நிழல் கூட மங்கும். ஆரஞ்சு அல்லது மஞ்சள் ஃபில்டரில் நின்றுகொள்வது இந்த மண்ணுக்குப் பொருத்தம். டிஜிட்டலில் கலரில் எடுத்து மாற்றும்போதும் இதே கணக்கு, நீலத்தை மட்டும் இறக்குங்கள், சிவப்பைத் தொடாதீர்கள்.

சூரியன் மறைஞ்ச பிறகு வானம் இன்னும் அடர் நீலமாகுதே, அது எப்படி?

அந்த நேரத்து நீலத்துக்குக் காரணம் வேறு. மறைந்த சூரியனின் ஒளி உயரே ஓசோன் அடுக்கின் வழியாக நீண்ட தூரம் சாய்ந்து வருகிறது, ஓசோன் அதிலுள்ள மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியை விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது நீலம். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த நேரம் சீக்கிரம் முடிந்துவிடும், மறைந்து 10 நிமிடத்திலிருந்து 25 நிமிடத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். பிள்ளையார்பட்டியில் கோபுர விளக்கு போட்டதும் தயாராக இருங்கள், விளக்கின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் சமமாக இருக்கிற சில நிமிடங்கள்தான் கணக்கு. போலரைசரைக் கழற்றிவிடுங்கள், இருக்கிற வெளிச்சத்தையும் அது தின்றுவிடும்.

திரையில நல்ல நீலம், காலண்டர்ல அச்சடிச்சு வந்தா ஊதாவா இருக்கு. யார் தப்பு?

யார் தப்பும் இல்லை. திரை மூன்று ஒளிகளைக் கலந்து காட்டுகிற அடர் நீலத்தை நான்கு மை கலந்து அச்சில் கொண்டுவர முடியாது, மெஜந்தா கொஞ்சம் கூடினாலே ஊதாவாகும். சிவகாசிக்குக் காலண்டருக்கு அனுப்புவதென்றால் முன்கூட்டியே அவர்கள் சொல்கிற சிஎம்ஒய்கே ப்ரொஃபைலில் (அந்த நான்கு மைக்கான நிற அமைப்பு) மாற்றிப் பார்த்து, வானத்தில் மெஜந்தா சியானில் பாதியைத் தாண்டாமல் குறைத்து, ஒரு தாள் சோதனை அச்சு வாங்கி வெயிலில் வைத்துப் பாருங்கள். ஃபோட்டோ லேபில் பிரிண்ட் போடுவதென்றால் திரைகளுக்கான வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் கொடுத்தால் போதும்.